கால்களை எண்ணிவிட்டுப் பெயர் வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடுகு, முள்ளங்கிப் பயிர்களைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றித் தங்கள் வேளாண் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தோம். கடுகு இலையின் விளிம்பைத் தின்றுகொண்டிருக்கும் கரும்பச்சைப் புழு ஒன்றின் படம் அதில் பெரிதாக அச்சாகியிருந்தது. படத்தின் கீழே 'இலை தின்னும் பச்சைப்புழு, அந்துப்பூச்சி வகை' என்று போட்டு, பி.டி. என்ற பாக்டீரியாப் பூச்சிக்கொல்லியைத் தெளிக்கவும் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கவும் சொல்லியிருந்தீர்கள். படத்தில் இருப்பது அந்துப்பூச்சியின் புழு அல்ல, ரம்ப ஈயின் புழு. பெயர் தவறியதால் அதன் கீழே சொன்ன இரண்டு வழிகளும் தவறிவிட்டன. படம் பக்கவாட்டில் தெளிவாக எடுக்கப்பட்டிருப்பதால், அதை வைத்தே இதை விளக்கிவிடலாம்.

படத்தில் புழுவின் தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி மார்புக்கால்கள் இருக்கின்றன. கணுக்களோடும் நுனியில் நகத்தோடும் இருப்பவை இவை. அதற்குப் பின்னால் வயிற்றின் முதல் கண்டத்தில் (உடல் வளையத்தில்) கால் இல்லை. இரண்டாவது கண்டத்திலிருந்து எட்டாவது வரை, கண்டத்துக்கு ஒரு ஜோடி வீதம் சதைப்பற்றான போலிக்கால்கள் வரிசையாக உள்ளன. ஒன்பதாவது கண்டம் வெறுமை. பத்தாவதில், அதாவது வால் முனையில், கடைசி ஜோடி. ஆகப் போலிக்கால் எட்டு ஜோடி. அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களில் போலிக்கால் பொதுவாக அதிகபட்சம் ஐந்து ஜோடிதான். அவை மூன்று முதல் ஆறு வரையுள்ள கண்டங்களிலும் பத்தாவதிலும் மட்டும் இருக்கும். மொத்தக் கால்களை எண்ணினால் அந்துப்பூச்சிப் புழுவுக்குப் பதினாறு, ரம்ப ஈப் புழுவுக்கு இருபத்திரண்டு.

முழுவதும் எண்ணப் பொறுமை இல்லாதவர்கள் மார்புக்காலுக்கும் முதல் போலிக்காலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மட்டும் பார்த்தாலும் போதும். அங்கே ஒரே ஒரு கண்டம் காலில்லாமல் இருந்தால் ரம்ப ஈ. இரண்டு கண்டங்கள் காலில்லாமல் இருந்தால் அந்துப்பூச்சி வகை. இலை மறைத்துப் பின்பாதி தெரியாத படங்களிலும் இது கைகொடுக்கும்.

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் இன்னும் இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்கலாம். ரம்ப ஈப் புழுவின் தலையில் பக்கத்துக்கு ஒரே ஒரு கண், கறுப்புப் பொட்டு வைத்தாற்போல் எடுப்பாகத் தெரியும். அந்துப்பூச்சிப் புழுவில் அந்த இடத்தில் ஆறு சிறிய கண்கள் வளைவாக அமைந்திருக்கும். அடுத்தது போலிக்காலின் அடிப்பாகம். அந்துப்பூச்சிப் புழுவில் அங்கே பழுப்பு நிற நுண்கொக்கிகள் வளையமாகவோ அரைவட்டமாகவோ இருக்கும். ரம்ப ஈப் புழுவில் கொக்கியே கிடையாது, வெறும் சதைக் குமிழ்தான்.

விதிவிலக்குகளையும் சொல்லிவிட வேண்டும். ஆர்ஜிடே குடும்பத்து ரம்ப ஈப் புழுக்களில் போலிக்கால் எண்ணிக்கை குறையும். இலைக்குள் சுரங்கம் போடுபவற்றிலும் தண்டைத் துளைப்பவற்றிலும் கால்கள் சுருங்கியோ அறவே இல்லாமலோ இருக்கும். உடல் முழுக்கக் கோழை பூசியதுபோல் நத்தை வடிவில் இருக்கும் இனங்களில் கால்களே கண்ணில் படாது. இந்த மூன்று வகையிலும் கால் கணக்கை விட்டுவிட்டுத் தலையையும் கண்ணையும் பார்க்க வேண்டும். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிபிளவர் இலையைத் திறந்தவெளியில் தின்னும் புழுவுக்கோ கால் கணக்கே போதுமானது.

இதில் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், கட்டுரை சொல்லும் பி.டி., அதாவது பேசில்லஸ் துரிஞ்ஜியன்சிஸ் குர்ஸ்டாகி, உண்டாக்கும் புரதம் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களின் குடலில்தான் வேலை செய்யும். ரம்ப ஈப் புழு அதைத் தின்றுவிட்டு மறுநாளும் இலையைத் தின்னும். புரொடீனியா என்ற அந்துப்பூச்சியின் புழுவுக்கென்று தயாரிக்கப்படும் என்.பி.வி. வைரஸ் கரைசலின் கதியும் இதுதான். இனக்கவர்ச்சிப் பொறியில் வைக்கும் குப்பி குறிப்பிட்ட ஓர் அந்துப்பூச்சியின் ஆணை மட்டுமே இழுக்கும். பொறி காலியாக இருப்பதைப் பார்த்து 'தாக்குதல் குறைந்துவிட்டது' என்று விவசாயி நினைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. இளம் நாற்றுகளில் இலை நரம்பு மட்டுமே மிஞ்சும்வரை தின்றுவிடக்கூடிய புழு இது.

இதற்கு உதவக்கூடியவை வேறு. புழு வெயில் நேரத்தில் மண்ணிலும் இலையடியிலும் பதுங்கி, காலையிலும் மாலையிலும் மேலே வந்து தின்னும். கையால் பொறுக்குவதென்றால் அந்த இரண்டு வேளைகளில்தான் பலன். நாற்றுப் பருவத்தில் நல்ல பாசனம் கொடுத்தால் பெரும்பாலான புழுக்கள் நீரில் மூழ்கி மடியும். கூட்டுப்புழுப் பருவம் மண்ணுக்குள் கழிவதால் கோடை உழவு கூடுகளை வெளியே புரட்டிப்போடும். பாகற்கொட்டை எண்ணெய்க் குழம்பைத் தெளித்தால் இலை புழுவுக்குப் பிடிக்காமல் போகும் என்பதும் பரிந்துரைகளில் உள்ளது.

இனி பெயர். நம் நாட்டில் கடுகுக் குடும்பப் பயிர்களைத் தாக்கும் ரம்ப ஈயை நூல்கள் 'அத்தாலியா லூகென்ஸ் பிராக்சிமா' என்றோ 'அத்தாலியா பிராக்சிமா' என்றோ குறிப்பிடுகின்றன. முதல் வழக்கு அதை லூகென்ஸ் என்ற இனத்தின் துணையினமாகக் கொள்கிறது, இரண்டாவது தனி இனமாகவே எண்ணுகிறது. பெயருக்குப் பின்னால் 'க்ளூக்' என்ற பெயர் அடைப்புக்குறிக்குள் வருவதைப் பலர் அச்சுப் பிழை என்று நினைத்து அடைப்பை எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுக்கக் கூடாது. இனத்தை முதலில் விவரித்தவரான க்ளூக் அதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார், பிறகு அது இடம் மாறியது என்பதற்கான குறி அது. லின்னேயஸ் 1758-ல் ரம்ப ஈக்களை டெந்திரீடோ என்ற ஒரே பேரினத்துக்குள் வைத்தார். அவர் அதில் சேர்த்த 'ரோசே' என்ற இனம் இன்று அத்தாலியா ரோசே. பெயரில் ரோஜா இருந்தாலும் அதன் புழு தின்பது கடுகுக் குடும்பச் செடிகளைத்தான். அறிவியல் பெயரின் பொருளை வைத்து உணவுச் செடியை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

'ரம்ப ஈ' என்ற நம் பெயரிலும் பாதிதான் சரி. ஈக்கு இறக்கை ஒரு ஜோடி, பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல் ஒரு குமிழ். இதற்கோ இறக்கை இரண்டு ஜோடி. ஈ டிப்டெரா வரிசை, இது குளவி, எறும்பு, தேனீக்களோடு சேர்ந்த ஹைமினாப்டெரா வரிசை. ரம்பம் என்ற பாதி மட்டும் உண்மையிலும் உண்மை, பெண்ணின் முட்டையிடும் உறுப்பில் பல் வைத்த ரம்பமே இருக்கிறது. ஈர்தல் என்றால் அறுத்தல். ரம்பத்துக்கு 'ஈர்வாள்' என்ற அழகான பழஞ்சொல் தமிழில் இருக்கிறது. 'ஈர்வாள் குளவி' என்று எழுதினால் உறவும் உறுப்பும் ஒருசேர விளங்கும். ஆனாலும் விவசாயிகள் ரம்ப ஈ என்றே பழகிவிட்டதால் தலைப்பில் அதையும், உள்ளே ஒரு வரியில் 'இது ஈ அல்ல, குளவி இனம்' என்பதையும் போட்டால் நன்று.

புழுவை மட்டும் பார்த்து 'இது அத்தாலியா' என்பதுவரை வரலாம். சுருக்கங்கள் நிறைந்த கரும்பச்சை உடல், முதுகில் ஐந்து கறுப்புக் கோடுகள், தொட்டவுடன் சுருண்டு தரையில் விழுந்து செத்ததுபோல் கிடக்கும் பழக்கம், கடுகுக் குடும்பச் செடி எல்லாம் சேர்ந்தால் சந்தேகம் குறைவு. எந்த அத்தாலியா என்று உறுதியாகச் சொல்ல முதிர்ந்த பூச்சி வேண்டும், முடிந்தால் பெண். அதற்குப் புழுவை வளர்த்தாக வேண்டும். பள்ளி, கல்லூரி மாணவர்களும் செய்யக்கூடிய வேலைதான் என்பதால், எங்கே தவறுகிறது என்பதையும் சேர்த்து எழுதுகிறோம்.

முதலில், புழுவை இடுக்கியால் பிடிக்கக் கூடாது. அத்தாலியாப் புழுவின் தோல் லேசான அழுத்தத்துக்கே கிழிந்து, உடல்நீர் துளியாக வெளியே வரும். கடுகுச் செடியிலிருந்து எடுத்துச் சேர்த்துவைத்த காரப் பொருள்கள் அந்த நீரில் இருப்பதால் எறும்புகள் விலகிப் போகும். புழுவின் தற்காப்பே அதுதான். இடுக்கி பட்டு நீர் கசிந்த புழு பெரும்பாலும் பிழைக்காது. மென்மையான ஓவியத் தூரிகையால் தள்ளி, அல்லது இலையோடு கிள்ளி, டப்பாவில் போட வேண்டும். எந்தச் செடியில் 'உட்கார்ந்திருந்தது', எந்தச் செடியைத் 'தின்றது' என்பதைப் பிரித்து எழுதுவதும் அப்போதே நடக்க வேண்டும். தொட்டால் விழும் புழு என்பதால், பக்கத்துக் களைச்செடியில் கிடைத்து, அதையே உணவுச் செடி என்று பதிந்துவிடும் பிழை சாதாரணமாக நேர்கிறது. அதே இலையை டப்பாவில் வைத்துப் புழு தின்பதைப் பார்த்த பிறகே உணவுச் செடி என்று எழுதலாம்.

குறைந்தது பத்துப் பன்னிரண்டு புழுக்களையாவது எடுப்பது நல்லது. சில வளர்ப்பில் சாகும், சிலவற்றுக்குள் ஏற்கெனவே ஒட்டுண்ணி இருக்கும், மீதியில் ஆணும் பெண்ணும் கிடைக்க வேண்டும். ஹைமினாப்டெராவில் கருவுறாத முட்டை ஆணாகும் என்பதால், இணை சேராத பெண் இட்ட முட்டைகளிலிருந்து வந்த கூட்டம் முழுக்க ஆணாகவே இருக்கவும் கூடும்.

வளர்க்கும் டப்பாவின் அடியில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குச் சலித்த மண்ணும் மணலும் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாகி விரலால் தட்டினால் உதிரும் அளவுக்கு ஈரமாக வைக்க வேண்டும். மூடியில் மெல்லிய துணி. தினமும் புது இலை வைத்து எச்சத்தை அகற்ற வேண்டும். தவறினால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். முதிர்ந்த புழு தின்பதை நிறுத்தி மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டும். பல ரம்ப ஈ இனங்களில் அந்தக் கடைசிப் பருவத்தில் நிறமும் கோடுகளும் மாறிவிடுவதால், 'இன்னொரு இனம் கலந்துவிட்டது' என்று பதறிப் பிரித்துவைப்பவர்கள் உண்டு. அதைவிட அதிகம் கெடுப்பது ஆர்வம்: என்ன ஆயிற்று என்று கூட்டைத் தோண்டிப் பார்த்தால் உள்ளே இருக்கும் முன்கூட்டுப்புழு காய்ந்து போகும். மண்ணின் மேற்பரப்பில் இரண்டு நாளைக்கு ஒருமுறை லேசாக நீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பதுதான் வேலை. கூட்டுப்புழுப் பருவம் தட்பவெப்பத்தைப் பொறுத்து இரண்டு வாரத்திலும் முடியும், ஒரு மாதமும் ஆகும்.

சில புழுக்களை இடையிலேயே பாதுகாக்க வேண்டும். உயிரோடு நேராக ஆல்கஹாலில் போட்டால் கறுத்துச் சுருங்கிவிடும். கொதித்து இறக்கிய நீரில் ஒரு நிமிடம் போட்டு, பிறகு 80 சதவீத எத்தில் ஆல்கஹாலுக்கு மாற்றினால் உடல் நீண்டு நிற்கும், கண்டங்களின் மடிப்புகளை எண்ணலாம். பச்சை நிறம் எப்படியும் போய்விடும். ஆகவே உயிரோடு இருக்கும்போதே முதுகு, பக்கம், தலை மூன்றையும் படம் எடுத்துவிட வேண்டும். டி.என்.ஏ. பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒன்றிரண்டை 95 சதவீத ஆல்கஹாலில் தனியாக வைத்துக் குளிரில் பாதுகாக்கலாம்.

டப்பாவிலிருந்து வெளிவரும் பூச்சியெல்லாம் ரம்ப ஈ என்று எடுத்துக்கொள்ள முடியாது. புழுவுக்குள் வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவியோ ஒட்டுண்ணி ஈயோ அதே மண்ணிலிருந்து வரும். அதற்கே பெயர் வைத்துப் படம் எடுத்துப் பரப்பியவர்கள் இருக்கிறார்கள். இடுப்பைப் பாருங்கள். ஒட்டுண்ணிக் குளவிக்கு மார்பும் வயிறும் சேருமிடம் நூலாகச் சுருங்கியிருக்கும். ரம்ப ஈக்கு இடுப்பே கிடையாது, மார்பின் அகலத்திலேயே வயிறு தொடரும். கடுகு ரம்ப ஈயின் தலை கறுப்பு, வயிறு ஆரஞ்சு, இறக்கை புகை படிந்தாற்போல் மங்கல், இறக்கை நரம்புகள் கறுப்பு.

குடும்பத்தைப் பிரிக்க உணர்கொம்பே முதல் சாவி. ஆர்ஜிடேயில் உணர்கொம்புக்கு மூன்றே கணு, மூன்றாவது மட்டும் நீண்டு போகும். ரோஜாவைத் தாக்கும் ஆர்ஜே இதில் சேரும். சிம்பிசிடேயில் நுனி கதாயுதம்போல் பருக்கும். டிப்ரியோனிடே பைன் போன்ற ஊசியிலை மரங்களில் வாழ்வது, அதன் ஆணுக்கு உணர்கொம்பு சீப்புப்போல் பிரியும். டெந்திரெடினிடேயில் பொதுவாக ஒன்பது கணு. அத்தாலியாவில் ஒன்பதுக்கு மேலும் போகும், நுனியை நோக்கிச் சற்றே தடிக்கும். எண்ணும்போது அடியிலுள்ள இரண்டு குட்டைக் கணுக்களைத் தவறவிடுவது வழக்கமான பிழை.

அத்தாலியா நெடுங்காலமாக டெந்திரெடினிடே குடும்பத்தில்தான் இருந்தது. 2022-ல் வெளியான மரபணுவழி ஆய்வு அதைப் பிரித்து அத்தாலிடே என்ற தனிக் குடும்பமாக ஏற்றது. ஆகவே பழைய பாடநூலில் ஒரு குடும்பமும் புதிய கட்டுரையில் வேறு குடும்பமும் இருந்தால் இரண்டில் ஒன்று அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறோம் என்று ஒரு சொல்லில் குறித்தால் போதும். ரம்ப ஈக்களையெல்லாம் அடக்கிய 'சிம்ஃபைட்டா' என்ற உள்வரிசையின் நிலையும் இப்படித்தான். ஒரூசிடே என்ற ரம்ப ஈக் குடும்பம் மற்ற ரம்ப ஈக்களைவிட இடுப்புள்ள குளவிகளுக்கே நெருங்கிய உறவு. அதாவது குளவி, எறும்பு, தேனீ எல்லாம் ரம்ப ஈக்களின் கிளைக்குள்ளிருந்து கிளைத்தவை. 'சிம்ஃபைட்டா' வசதிக்காகப் புழங்கும் பெயராகத்தான் இன்று நிற்கிறது.

இனத்தை முடிவு செய்வது ரம்பம். நிறத்தை நம்பக் கூடாது. கறுப்புத் தலையும் ஆரஞ்சு வயிறும் பல அத்தாலியாக்களுக்குப் பொது. பெண்ணின் வயிற்று நுனியில் உறைக்குள் மடங்கியிருக்கும் முட்டையிடும் உறுப்பில், பல் வைத்த மெல்லிய தகடுகள் இரண்டு உண்டு. மேலேயுள்ள தகட்டின் தடத்தைப் பற்றிக்கொண்டு ஒன்று முன்னே போக மற்றது பின்னே வரும். இப்படி மாறி மாறி இழுத்து இலையின் ஓரத்தில் கீறி, கீறலுக்கு ஒன்றாக முட்டையைச் செருகும். அந்த இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விளிம்பையொட்டிச் சிறு கொப்புளங்களாக முட்டை இருக்கும் இடங்கள் தெரியும்.

தகட்டைப் பார்க்க, காய்ந்த பூச்சியை ஈரப்பதமுள்ள மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்து இளக்கி, வயிற்றின் நுனியை மட்டும் பிரித்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அறை வெப்பத்தில் ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். அவசரத்துக்குச் சூடாக்கலாம், ஆனால் கொதிக்க விட்டால் தகடு கண்ணாடியாக வெளுத்துப் பல்லின் ஓரம் தெரியாமல் போகும். ஊறல் குறைந்தால் தசை ஒட்டிக்கொண்டு குறுக்குக் கோடுகளை மறைக்கும். பிறகு நல்ல நீரில் அலசி, இரண்டு மூன்று சொட்டு அசிட்டிக் அமிலம் விட்ட நீரில் காரத்தைப் போக்கி, நுண்ணூசிகளால் இரண்டு தகடுகளையும் பிரித்து, கிளிசரினில் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். கவர் ஸ்லிப்பை அழுத்தினால் பல் நசுங்கி வேறோர் இனத்தின் பல் போலாகிவிடும்; அதன் எடையே போதும். 100 மடங்கில் முழுத் தகட்டையும், 400 மடங்கில் நடுப்பற்களையும் படம் எடுத்து, பல்லின் எண்ணிக்கையை அடியிலிருந்து எண்ணினோமா நுனியிலிருந்தா என்று எழுத வேண்டும். நுனிப் பற்கள் முட்டையிட்டே தேய்ந்துபோயிருக்கும். கூட்டிலிருந்து புதிதாக வந்த பெண்ணின் பற்கள்தான் ஒப்பிடத் தகுந்தவை, வளர்த்து எடுக்கச் சொல்வதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

ஆணாக இருந்தால் இனப்பெருக்க உறுப்பின் வால்வுத் தகடு பார்க்கப்படும். டெந்திரெடினாய்டியா மேற்குடும்பத்தில் அந்த உறுப்பு வளர்ச்சியின்போதே 180 பாகை திரும்பிவிடும். மேல் கீழ் மாற்றி வரைந்த படங்களால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. டி.என்.ஏ. பட்டைக்குறியீடு பார்ப்பவர்கள் மைட்டோகாண்டிரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவில் 658 எழுத்துகள் கொண்ட பகுதியை எடுக்கிறார்கள். பேரினம்வரை அது விரைவாகக் காட்டும். நெருங்கிய இனங்கள் அந்தப் பகுதியைப் பகிர்ந்துகொள்ளும் ரம்ப ஈக் குழுக்கள் உண்டு என்பதால் ரம்பத்தைப் பார்க்கும் வேலை அதனால் தீர்ந்துவிடாது.

தங்களிடம் கேட்பது மூன்று. தவறான படவிளக்கத்துக்குத் திருத்தம் வெளியிடுங்கள், பி.டி. பரிந்துரையை நீக்கியதாக அதில் தெளிவாகச் சொல்லுங்கள், விதைப்புக் காலம் தாண்டிவிட்டால் திருத்தத்தால் யாருக்கும் பயனில்லை. அத்தாலியா என்ற பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டலைக் கையாளுங்கள். இனி புழுப் படம் எதை அச்சிட்டாலும், கால்கள் அனைத்தும் தெரியும்படி பக்கவாட்டில் எடுத்த படமாகத் தேர்ந்தெடுங்கள். மேலிருந்து எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், புழு எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதை அதில் வாசகரால் சரிபார்க்க முடியாது.

இப்படிக்கு,
பூச்சி வகைப்பாட்டில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்